இடது பக்க ஸ்பீக்கர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிற ஆள் நான். என் வேலை அப்படி. புனே பக்கம் சிஞ்ச்வடில் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு பாகம் உடைந்தால் ஏன் உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய வேலை முடியும். 'தெரியவில்லை' என்று எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். பழைய ஆம்ப்ளிஃபயர், பழைய ஸ்பீக்கர் தேடி வாங்குவது, சோதிப்பது, சரிசெய்து கேட்பது, அலுத்துப்போனால் வேறு ஆளுக்குக் கொடுப்பது, எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் இதுதான். எழுபதுகளில் வந்த ஜப்பான் ஆம்ப், முன்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம். புனேயில் இதெல்லாம் நிறைய அகப்படும். ரிட்டயர் ஆன ராணுவ அதிகாரிகள் எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அது இடத்தை அடைக்கிற சாமான்.

வானவடியில் எங்கள் தெருவிலேயே ஒரு கர்னல் வீட்டில் ஆம்ப் தானாகப் பேசுகிறது என்று வேலைக்காரம்மா உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். நான்தான் போய்ப் பார்த்தேன். ராணுவ முகாம் வயர்லெஸ் பேச்சு சரியில்லாத ஒயர் வழியாக நுழைந்திருந்தது. உறை போட்ட ஒயர் ஒரு முழம் மாற்றியதும் பேய் போய்விட்டது. இப்படி நான் ஓட்டிய பேய்கள் நாலைந்து இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நான் கேட்டதை நான் லேசாக நம்பிவிடவில்லை.

இந்த வேலையில் என்கூட எப்போதும் வருகிறவன் சேகர். கோர்படி ரயில்வே காலனி, ரயில்வேயில் சிக்னல் பிரிவு. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு இங்கே வந்தவர்கள், ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. கோளாறு எங்கே என்று நான் காதால் கண்டுபிடிப்பேன், அவன் சால்டரிங் அயர்னை எடுத்துச் சரிசெய்வான். என் மனைவி வசந்தி அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவான். வந்தால் ஹாலில் இடது பக்க ஸ்பீக்கரை ஒட்டிப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில்தான் உட்காருவான், ஃபேன் காற்று நேராக விழுகிற இடம் அது.

அந்த ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்பு உயரம், தேக்கு நிறம், நானும் சேகரும் சேர்ந்து, காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பை மாற்றி உயிர் கொடுத்த ஜோடி. என்னென்னவோ வரும் போகும், அந்த ஜோடி மட்டும் ஒன்பது வருடம் எங்கள் ஹாலை விட்டு நகரவில்லை. இடது பக்கத்துப் பெட்டியின் மேல் மூலையில் ஒரு சின்ன உடைசல் உண்டு. என் மகள் நித்யா சின்ன வயதில் கிரிக்கெட் மட்டையால் போட்டது.

வசந்தி போய் இப்போது நாலு வருடம். ஜூலையில் ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். தசராவுக்கு முதல் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது சேகர் என் பக்கத்தில்தான் நின்றான், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது, ஒரு ஆம்ப் லேசாக உறுமினால் அடுத்த அறையிலிருந்து கண்டுபிடிக்கிற எனக்கு இவள் உடம்பில் ஒன்றும் கேட்கவில்லையே என்று நான் அவனிடம்தான் அழுதேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அவன் ஒவ்வொரு தடவையும் "உன் தப்பு இல்லடா" என்பான்.

அவள் போனபிறகு அந்த ஸ்பீக்கர்களில் பாட்டு போட மனம் வரவில்லை. ஆறேழு மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். சேகர்தான், "நான் எடுத்துட்டுப் போறேன், என் வூட்ல இருக்கட்டும், உனக்கு எப்ப வேணுமோ வந்து கேளு" என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால், கணபதி விசர்ஜனம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பாணேரில் ஒருவர் ஜப்பான் ஆம்ப் ஒன்றை விற்பதாக விளம்பரம் பார்த்தேன். சேகருக்கு அன்று டியூட்டி. போனில் சொன்னேன்.

"பாணேர்ல எங்க?" என்றான்.

கட்டடத்தின் பேரைச் சொன்னேன்.

"அந்த ஆம்ப் வேணாம்டா. அந்த மாடல் ரொம்ப சூடாவும்."

பார்க்காமலே ஒரு ஆம்பை வேண்டாம் என்று அவன் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்க்கிறதில் என்ன நஷ்டம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டாவது மாடி. விற்கிறவர் தேஷ்முக் என்று ஒரு பெரியவர், மகனோடு கனடா போகப்போகிறார், பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. மரியாதையான மனிதர். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரமாகக் காட்டினார். மேஜைமேல் ஆம்ப். அதன் இரண்டு பக்கமும் என் ஸ்பீக்கர்கள்.

உடனே தெரிந்துவிட்டது. மூலை உடைசல் இருந்தது, அதன்மேல் சேகர் தடவிய மரப்பசைகூட அப்படியே இருந்தது. இது எங்கே வாங்கினீர்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். கோர்படியில் ஒரு ரயில்வேக்காரர், உங்களைப் போல மதராசிதான், போன வருடம் ஜூனில் வாங்கினேன் என்றார். மே மாதம் என்னிடம் வாங்கிக்கொண்டு போனவன், நாலாவது வாரமே விற்றிருக்கிறான். எப்ப வேணுமோ வந்து கேளு என்றவன். வந்த வேலையைப் பார்ப்போம் என்று முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

நான் சோதிக்கும்போது முதலில் பாட்டு போடமாட்டேன். பாட்டு வருகிற கருவி எதையும் இணைக்காமல் ஆம்பை மட்டும் போட்டு, சத்தக் குமிழை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பேன். அந்த மௌனத்தில்தான் அதன் நோய் எல்லாம் தெரியும். அன்றும் அப்படித்தான். பின்பக்கம் பார்த்தேன், ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் கரண்ட் ஒயரும் தவிர வேறு ஒன்றும் செருகியிருக்கவில்லை. போட்டேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அது வரவேண்டிய சத்தம்தான். பெரியவர் டீ போட உள்ளே போனார். வலது பக்கம் சுத்தம், ஒரு குறையும் இல்லை. இடது பக்கத்துக்கு நகர்ந்து காதை வைத்தேன்.

முதலில் மெல்லிய உறுமல். எர்த் சரியில்லை போல என்று நினைத்தேன். அந்த உறுமலுக்கு அடியில் 'டிக்... டிக்...' என்று ஒன்று, நிதானமாக, விட்டு விட்டு. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது என் வீட்டு ஹால் ஃபேன். மூன்று இறக்கையில் ஒன்று லேசாகக் கோணல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக். பன்னிரண்டு வருடம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா. தலையை நிமிர்த்திப் பார்த்தேன், பெரியவர் வீட்டில் ஃபேன் ஓடவில்லை.

அப்புறம் டம்ளரில் ஸ்பூன் கலக்குகிற சத்தம். அப்புறம் வசந்தி பேசினாள்.

"ரிப்போர்ட்ட நீங்களே வெச்சிக்குங்கண்ணா. இந்த வூட்ல எங்க வெச்சாலும் அவரு கண்ணுல படும்."

ரேடியோவில் கேட்கிற குரல் போல இல்லை. ஒரு அறையில் இரண்டு பேர் பேசும்போது அடுத்த அறையில் நமக்கு எப்படிக் கேட்குமோ அப்படி இருந்தது.

"எத்தன நாளைக்கும்மா?" இது சேகர். "உடனே அட்மிட் ஆவணும்னு டாக்டர் சொல்றாரு. நான் அவன்கிட்ட பேசறேன்."

"வேணாம். நித்யாவுக்கு பரீட்ச வருது. அது முடியட்டும். இவருகிட்ட சொன்னா ஊரையே கூட்டிடுவாரு, புள்ள ஒழுங்கா எழுதாது. நீங்க சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

ஃபேன் மட்டும் டிக் டிக் என்றது.

"நித்யா மேல சத்தியம் பண்ணுங்கண்ணா."

"சரிம்மா. சத்தியம்."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்து அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"மெதுவாண்ணா. அவரு கேட்டுட்டிருக்காரு."

அதற்குப் பிறகு இருவரும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். காதைக் கூம்போடு ஒட்டிப் பார்த்தேன். மூச்சு தெரிகிறது, அவள் பேசுகிறாள், இவன் பேசுகிறான் என்பது தெரிகிறது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். கிசுகிசுப்பு குறையவில்லை. ஆம்பை அணைத்தேன். பழைய ஆம்ப்களில் அணைத்த பிறகும் சில நொடி சத்தம் வரும், உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட், அது சகஜம். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு ஒயரையே பிடுங்கிவிட்டேன்.

ஒயர் என் கையில் இருக்கிறது, பெட்டி தனியாக நிற்கிறது, உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தேஷ்முக் டீயோடு வந்தார். "தமிழ் ஸ்டேஷன் பிடித்திருக்கிறதா? பரவாயில்லையே" என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே சிரித்தபடி வந்தவர், என் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். ஒயர் இல்லாமல் தனியாகப் பேசிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். ட்ரேயை மெதுவாக அட்டைப்பெட்டிமேல் வைத்தார். ஆக அவருக்கும் கேட்டிருக்கிறது, அதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ட்ரேயை வைத்த நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. டீயைக்கூடக் குடிக்காமல் வெளியே வந்தேன்.

நேராகக் கோர்படி. வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்பீக்கரைத் திருப்பி இணைத்தால் மைக் மாதிரி வேலை செய்யும், இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கேட்டதைச் சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு எங்கே இடம்? அது வெறும் காகிதம், காந்தம், செம்புக் கம்பி. துக்கத்தில் மூளை ஏதோ ஜோடிக்கிறது, சேகர் சிரித்துவிட்டு முதுகில் தட்டுவான், அதுதான் நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

டியூட்டி முடிந்து வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வசந்தி ரிப்போர்ட் எங்கடா?" என்றேன்.

எந்த ரிப்போர்ட் என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததிலேயே எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. ஒரு செருப்பு காலிலேயே இருக்க அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"யார் சொன்னா உனக்கு?"

"எடுத்துட்டு வா."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் பேர், அவள் வயது, ஜனவரி மாதத் தேதி. அவள் மயங்கி விழுந்தது ஜூலையில். இவன் ஸ்கூட்டரில்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறான், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் இவன் கையெழுத்து. அந்த ரிப்போர்ட்டைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"பரீட்ச முடிஞ்சதும் கேட்டேன்டா. நித்யாவுக்கு காலேஜ் கெடைக்கட்டும்னாங்க. அப்புறம் நாளைக்கு நாளைக்குன்னாங்க. புள்ள மேல சத்தியம் வாங்கிட்டாங்க, நான் என்னடா பண்ணுவேன்?"

"அவ செத்தப்புறமும் சொல்லலியே. நான் என்னையே திட்டிட்டு அழுதேனே, அப்ப சொல்லியிருக்கலாமே."

"அப்ப சொன்னா நீ என் மொகத்துலயே முழிச்சிருக்கமாட்டே. பயந்துட்டேன்."

"ஸ்பீக்கர ஏன் வித்தே?"

இரண்டு தடவை கேட்டேன். வூட்ல வெச்சிக்க முடியல என்று மட்டும் சொன்னான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நான் பக்கத்து ரூம்ல இருக்கறப்பவே கிசுகிசுன்னு பேசியிருக்கீங்க இல்ல" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "நீ வூட்லயே இல்லியேடா. அந்த வாரம் பூரா நாசிக் போயிருந்தே. நீ இல்லாத நாளா பாத்துதான் அவங்க கூப்ட்டாங்க."

யோசித்தேன். ஜனவரியில் நாசிக் வேலை உண்மைதான், ஒரு வாரம் அங்கேயே தங்கினேன்.

"'மெதுவாண்ணா, அவரு கேட்டுட்டிருக்காரு'ன்னு அவ சொன்னாளே."

"இல்ல."

"சொன்னா. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் ரகசியமா பேசினீங்க."

"இல்லடா. சத்தியம் பண்ணேன், டீயக் குடிச்சேன், கெளம்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. அவங்க அப்படி சொல்லவே இல்ல." அவன் முகம் மாறியது. "உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

நடந்ததைச் சொன்னேன். ஒயரைப் பிடுங்கியது வரைக்கும் சொன்னேன். பைத்தியம் என்பான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நம்பமுடியாமல் பார்க்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வேற எதாவது கேட்டுச்சா உனக்கு?"

ஆச்சரியத்தில் கேட்கிறவன் குரல் வேறு, ஒன்றை நிச்சயம் செய்துகொள்ளக் கேட்கிறவன் குரல் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற காதுதான் எனக்கு. நான் உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவனோடு பேச்சில்லை. முப்பத்தைந்து வருடத்துச் சிநேகம் அந்தப் படியிலேயே நின்றுபோனது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. அதை நான் நினைக்காமல் இருந்திருப்பேனா? அப்படி எதுவும் இருக்காது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, இவனும் இல்லை. தினமும் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் பாணேருக்குத் திரும்பிப் போனேன். அந்தக் கிசுகிசுப்பு என்னவென்று இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும், ஸ்பீக்கரை என்ன விலையானாலும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று போனேன். பெரியவர் கதவைப் பாதிதான் திறந்தார். அன்று சாயங்காலமே இரண்டையும் பங்கார்காரனிடம், பழைய சாமான் எடுக்கிறவனிடம், கொடுத்துவிட்டேன் என்றார். அதற்குமேல் கேட்காதே என்பது போலக் கையைக் கூப்பினார். அந்தப் பக்கத்துப் பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் பெட்டிகள் இருந்தன. கூம்பைக் கிழித்துக் காந்தத்தைக் கழற்றி எடுத்திருந்தார்கள். வெறும் மரத்துக்குள் தலையை விட்டுக் கேட்டேன். தெருவில் போகிற வண்டிச் சத்தம்தான் கேட்டது.

ரிப்போர்ட்டை நித்யாவிடம் காட்டவில்லை. தன் பரீட்சைக்காக அம்மா மறைத்தாள் என்று தெரிந்தால் அந்தப் பெண் தாங்காது. ஆக இப்போது நானும் ஒன்றை மறைக்கிற ஆள். வசந்தி ஏன் மறைத்தாள் என்பது ஒருவிதத்தில் எனக்குப் புரியத் தொடங்கியிருக்கிறது, மன்னிக்க இன்னும் முடியவில்லை.

ஒன்று மட்டும் சேகரிடம்கூட நான் சொல்லவில்லை. ஒயரைப் பிடுங்கிய பிறகு, தேஷ்முக் ட்ரேயோடு வருவதற்குள், அந்தக் கிசுகிசுப்பின் நடுவில் வசந்தி ஒரு தடவை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பாள் இல்லையா, அந்தச் சிரிப்பு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சிரிப்பாள். அப்புறம் எத்தனையோ வருடமாக நான் அதைக் கேட்டதே இல்லை.